உப்புக்காற்றில் ஓர் ஆணி

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்று மின் நிலையம் அது, கொள்ளளவு 103.5 மெகாவாற். மின்சார சபை இந்தக் கரையைத் தேடி வந்ததற்குக் காரணம் காற்று. வைகாசியில் பிடிக்கும் சோளகம் புரட்டாதி வரை விடாது. மின்சாரத்துக்கு வரமான அந்தக் காற்று, பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் தன் வீட்டு வேலையைத் தன் கையாலேயே செய்ய நினைப்பவருக்குப் பெரும் சோதனை. கடற்திவலையைச் சுமந்து வந்து கதவுப் பிணைச்சலிலும் கூரைத் தகரத்திலும் யன்னல் கொண்டியிலும் உப்பைப் பூசிவிட்டுப் போகிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி பூசியிருக்கும்.

இந்தக் கரையில் வீட்டு வேலை செய்து பழகியவர்களிடம் பேசினால் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள். இங்கே மரம் முதலில் கெடுவதில்லை. மரத்தைப் பிடித்திருக்கும் இரும்புதான் முதலில் கெடுகிறது. ஆணி துருவேறி மெலிகிறது, மெலிந்த ஆணியைச் சுற்றி மரம் கறுக்கிறது, கறுத்த இடத்தில் ஈரம் தங்குகிறது, அதற்குப் பிறகுதான் உக்கலும் கறையானும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பணம் போகும் வரிசை இதற்கு நேர்மாறு. நல்ல முதிரைக் கதவுக்கு இலட்சக் கணக்கில் கொடுத்தவர், பிணைச்சலுக்கும் திருகாணிக்கும் கடையில் மலிவானதைக் கேட்கிறார்.

தீவில் இத்தனை பேருக்கு வீட்டு வேலை கைவந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. போர் முடிந்து திரும்பியவர்களில் பலருக்கு வீடு என்று மிஞ்சியது சுவரும் அத்திவாரமும்தான்; கதவு, யன்னல், ஓடு, கைமரம் எல்லாம் போயிருந்தன. எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருபது வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது, வளவில் பற்றை மண்டிக் கிடந்தது. பிறகு இந்திய அரசின் உதவியுடன் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி வடக்கு, கிழக்கில் பெரும் வீட்டுத்திட்டம் ஒன்று தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. ஒப்பந்தகாரர் கட்டிச் சாவி கொடுக்கும் திட்டம் அல்ல அது. பணம் கட்டங்கட்டமாக வீட்டுக்காரர் கைக்கே வரும். கல், மண், கம்பி வாங்குவதும் மேசனைப் பிடிப்பதும் வேலையை மேற்பார்ப்பதும் அவர் பொறுப்பு. அத்திவாரம் முடிந்தால் அடுத்த பணம், சுவர் எழும்பினால் அடுத்த பணம்.

அந்தத் தொகை போதவில்லை என்பதை அந்நாளில் வீடு கட்டிய யாரும் சொல்வார்கள். பற்றாத பணத்துக்கு ஈடாகக் குடும்பங்கள் தங்கள் உடலுழைப்பைப் போட்டன. அத்திவாரம் வெட்டினார்கள், கல் அரிந்தார்கள், அரிந்த கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கணவனை இழந்த பெண்கள் தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கப் பழகினார்கள். என் கருத்தில், அந்தத் திட்டம் கொடுத்த சீமெந்தை விட இந்தப் பழக்கம் பெறுமதி கூடியது. சுவர் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், பத்து வருடம் கழித்து அதில் வெடிப்பு விழும்போது பயந்து ஓடமாட்டார். எங்கே பிழைத்தது என்று தேடுவார்.

அப்படித் தேடினால் அநேகமாக அகப்படுவது துருதான்.

இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடும். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி அப்படி ஊதினால் மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். யன்னலுக்கு மேலே இருக்கும் லின்டலின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருந்தால், அது பெயின்ற் வெடிப்பு அல்ல. உள்ளே கம்பி துருவேறிவிட்டது என்ற செய்தி. இதற்கு இரண்டு வழியில் நாமே கதவு திறந்துவிடுகிறோம். ஒன்று, கரை மண்ணை அள்ளிக் கலப்பது. கடல் மணலில் உள்ள உப்பு நேராகக் கம்பிக்குப் போய்ச் சேரும். தென்னிலங்கையில் கட்டட வேலைக்குக் கடல் மணலை விற்பவர்கள்கூட அதைக் கரையில் குவித்து, மழையில் உப்புக் கழுவுப்பட விட்டுத்தான் விற்கிறார்கள். மன்னாரில் ஆண்டு முழுவதும் சேர்ந்தே ஆயிரம் மில்லிமீற்றரைச் சுற்றித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். மழை கழுவித் தரும் என்று இங்கே காத்திருக்க முடியாது. அருவியாற்று மண் விலை கூடினாலும், கம்பி போடும் கொங்கிறீற்றுக்கு அதுதான். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. குடிக்க முடியாத தண்ணீரைக் கம்பி இருக்கும் கலவையில் ஊற்றக்கூடாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது வழி, கம்பியைத் தட்டுப் பலகையோடு ஒட்டிப் போட்டுவிடுவது. கரையோர வீட்டில் கம்பிக்கு வெளியே கொங்கிறீற் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை இருக்க வேண்டும். மேசனிடம் வாயால் சொன்னால் நடக்காது. வேலைக்கு முதல் நாளே அந்தக் கனத்தில் சின்னச் சின்னச் சாந்துக் கட்டிகள் வார்த்து வைத்து, கம்பிக்கு அடியில் நீங்களே கொடுத்துவிட வேண்டும். ஒரு பழைய தட்டில் சாந்தைப் பரப்பி, ஈரத்தோடு கத்தியால் கீறிவிட்டால் மறுநாள் கட்டிகள் ரெடி. பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை, ஒரு லின்டலின் ஆயுளைப் பல வருடம் கூட்டுகிறது.

கல் அரியும் வேலையிலும் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சோளக நேரத்தில் காலையில் அரிந்த கல் மத்தியானத்துக்குள் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். பின்னேரம் அரிந்து, ஈரச் சாக்கால் மூடி, ஏழு நாளாவது தண்ணீர் காட்டுகிறவர்களின் கல்லைத் தட்டிப் பார்த்தால் சத்தமே வேறு.

இனி மரத்துக்கு வருவோம். மன்னார்த் தீவில் மரம் என்றால் முதலில் பனை. தலைமன்னார்ப் பக்கம் போகிற பாதை நெடுகப் பனைதான். ஆனால் தச்சு வேலை பழகுபவர்கள் பனையைத் தொட்டதும் திகைத்துப் போவதற்குக் காரணம், மற்ற மரங்களைப் போல அதன் நடுவில் வைரம் பாயாததுதான். பனையில் வைரம் வெளிச்சுற்றில். நடுவே சோற்றுப் பகுதி. அடிமரம் இரும்பு, நுனிமரம் நார். அதனால் பனையை வாளால் பலகையாக அறுக்கப் பார்த்தால் வாள்பல்லும் போகும், மரமும் வீணாகும். ஆப்பு இறக்கி நீளவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளி வைரத்தைக் கைமரமாகவும் சலாகையாகவும் எடுப்பதுதான் முறை. முற்றிய பனை வேண்டும். அறுபது எழுபது வயதுக்குக் குறைந்த மரத்தில் வைரம் கனமாக இராது. வைரம் கறுப்பு ஓடிய நாராகத் தெரியும், கையில் தூக்கினால் பாரம் சொல்லும்.

வளவில் நிற்கிற பனை நமதுதானே என்று நினைத்துத் தறித்துவிடக்கூடாது. பனை தறிக்கவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். கிராம அலுவலரிடம் முதலில் போக வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வடக்கில் எண்ணற்ற பனைகள் போயின. அந்த இழப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த அனுமதி ஒரு தொல்லையாகத் தோன்றாது.

பனையில் ஆணி நேராக இறங்காது. ஒன்றில் வளையும், இல்லையேல் சலாகை பிளக்கும். ஆணியை விட ஒரு சுற்று மெல்லிய துளைக் கம்பியால் முதலில் துளை போட வேண்டும். கையுறை இல்லாமல் பனஞ்சலாகையைத் தேய்ப்பவர்கள் அன்றிரவு ஊசியோடு உட்கார்ந்து சிராய் எடுப்பார்கள். அதன் நார் கறுப்பு ஊசி போல் ஆழமாகப் போகும், விட்டுவிட்டால் சீழ் கட்டும்.

ஆணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் சொல்லமாட்டார். ‘நாகம் பூசின ஆணி’ என்று இரண்டு வகை விற்கிறார்கள். பளபளவென்று வெள்ளி போல் மினுங்குவது மின்முலாம் போட்டது. அதன் மேல் நாகம் பத்து மைக்ரோனைச் சுற்றித்தான். மங்கிய சாம்பல் நிறத்தில், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுத்தது. அதன் பூச்சு அதைப்போல நாலைந்து மடங்கு கனம். அழகானது மன்னாரில் ஒரு சோளகம் தாங்குவதே கடினம், அழகில்லாதது பல வருடம் நிற்கும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதிலும் தரம் உண்டு. வீட்டுப் பாத்திரங்களில் வரும் 304 கடற்கரையில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். கப்பல் சாமான்களுக்குப் போடும் 316இல் மொலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்குகிறது. விலை கூட. வீடு முழுவதற்கும் வேண்டாம். கடலைப் பார்த்த கதவுக்கும் யன்னலுக்கும் மட்டும் போட்டாலே போதும்.

பித்தளைப் பிணைச்சல் வாங்கப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோக வேண்டும். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு; வைத்துவிட்டு வரலாம். நல்ல பித்தளைப் பிணைச்சலை வாங்கி அதில் இரும்புத் திருகாணி போடுவது இன்னொரு தவறு. இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இளைத்தது முதலில் கரையும்; இங்கே கரைவது இரும்புத் திருகாணி. பித்தளைக்குப் பித்தளைத் திருகாணிதான். அது மென்மையானது, முறுக்கினால் தலை அறுந்துவிடும். அதனால் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை இறக்கிப் பாதை எடுத்து, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை இறக்குவார்கள். சுலபமாக இறங்கட்டும் என்று பலர் சவர்க்காரம் தடவுவதைக் காணலாம். சவர்க்காரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மெழுகுதிரியில் தேய்த்து இறக்குவதே நல்லது.

ஆணியே வேண்டாம் என்ற வழியும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. இந்து சமுத்திரக் கரையெங்கும் பலகையைக் கயிற்றால் தைத்துத்தான் முன்னோர் மரக்கலம் கட்டினார்கள். வீட்டுத் தச்சிலும் நிலைக்கும் சட்டத்துக்கும் பொளியும் அதற்குள் நுழையும் கழுந்தும் வெட்டி, குறுக்கே மர ஆணி இறுக்கினால் துருவுக்கு அங்கே வேலையே இல்லை. புதிதாகப் பழகுபவர் ஒரு முக்காலியிலிருந்து தொடங்கலாம். கழுந்தைச் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு எடுக்க வேண்டும். பொளியை முதலில் வெட்டிவிட்டு, அதற்கேற்பக் கழுந்தைச் சீவுவதுதான் ஒழுங்கு. பொளிக்குள் உளியின் அகலத்தைத் திருத்த முடியாது, கழுந்தைத் திருத்தலாம். மர ஆணிக்கு வேம்பின் முற்றிய துண்டு நல்லது, காய்ந்ததாக இருக்க வேண்டும். நிலை மரம் கொஞ்சம் பச்சையாகவும் ஆணி நன்றாகக் காய்ந்தும் இருந்தால், மரம் காய்ந்து சுருங்கும்போது ஆணியைக் கவ்விக்கொள்ளும். முன்பு ஒரு முதிய தச்சாசாரி தன்னிடம் வேலை பழகிய பையனுக்குச் சொன்னது இது: “தம்பி, பச்சை மரத்தில இரும்பாணி அடிச்சா, மரம் காய்ஞ்ச பிறகு அது கிழவன்ர பல்லு மாதிரி ஆடும். மர ஆணியெண்டா மரத்தோட சேர்ந்து கிழடாகும்.”

கதவின் அடி இற்றுப்போவது தீவில் வீட்டுக்கு வீடு உள்ள கதை. பலகையின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும். கதவின் அடிப்பக்கம் முழுவதும் வெட்டுமுகம்தான். பெயின்ற் அடிப்பவர் முன்னும் பின்னும் அடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த அடியை விட்டுவிடுகிறார். மாரியில் வாசலில் தெறிக்கும் மழைத்தண்ணீரைக் கதவு மாதக்கணக்கில் குடிக்கிறது.

அப்படி அடி இற்ற ஒரு கதவைப் புதிதாக வாங்காமல் திருத்துவதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதல் வேலை துருவேறிய திருகாணியைக் கழற்றுவது. அப்படியே இடப்பக்கம் திருப்பினால் தலை மொட்டையாகும். ஒரு பழைய இரும்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் திருகாணித் தலையில் சற்று நேரம் வைத்தால், இரும்பு விரிந்து துருப்பிடி உடையும். ஆறவிட்டு, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருப்பிப் பிறகு கழற்ற வேண்டும். கதவை இறக்கிப் படுக்கவைத்துக் குத்தூசியால் அடியைக் குத்திப் பார்த்தால் இற்ற இடம் எதுவரை என்று தெரியும். ஊசி புகாத இடத்திலிருந்து இன்னும் ஓர் அங்குலம் மேலே கோடு போட்டு அறுக்க வேண்டும். அதே இன மரத்தில், அதே கனத்தில் புதிய கட்டையைச் சீவி, பாதிக்குப் பாதி படியவெட்டிப் பொருத்தி, மர ஆணி இரண்டால் இறுக்கலாம். பூட்டுவதற்கு முன்னர் அந்த அடி வெட்டுமுகத்துக்குப் பூச்சுக் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு தடவை அல்ல. உறிஞ்சுவது நிற்கும் வரை. திரும்பப் பூட்டும்போது கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். சோளகத்தில் அளவாக நிற்கும் கதவு கார்த்திகையில் ஊதி நிலையைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகையில் பிடிக்கிறதே என்று இழைப்புளி எடுத்துச் சீவியவர், சித்திரையில் இடைவெளி வழியாகத் தெருவைப் பார்ப்பார். கதவு சீவுவது காய்ந்த காலத்து வேலை.

எந்தப் பூச்சு என்பதற்கு மீனவர் வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது. பைபர் படகு வைத்திருப்பவர்களில் அநேகர் அதன் ஓட்டையைத் தாங்களே அடைக்கிறார்கள். மிஞ்சிய ரெசினைக் கதவின் அடிக்கும் வேலிக் கட்டையின் காலுக்கும் பூசும் பழக்கம் பயனுள்ளதுதான். ஆனால் படகில் ஒட்டுவது போல ரெசின் மரத்தில் ஒட்டாது. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் பட்டிருக்கக் கூடாது. மீன் எண்ணெயோ முந்திரிக்கோது எண்ணெயோ ஊட்டிய மரத்தின் மேல் ரெசின் பூசினால் அது தோலாக உரியும். ஒன்றில் எண்ணெய், அல்லது ரெசின். இன்னுமொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ரெசினை வேகப்படுத்தும் ஊதா நிறக் கோபால்ற்றையும் இறுகவைக்கும் தெளிந்த திரவத்தையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ற்றை ரெசினில் முழுதாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றது. இறுகவைக்கும் திரவம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. மன்னார் வெயிலில் ஒன்றே போதும். கண்ணில் பட்டால் பார்வை போகும். பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல் என்று எடுத்துவிடாத இடத்தில் வைக்க வேண்டும்.

கறையானுக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது வழக்கமாகிவிட்டது. இதை நிறுத்தச் சொல்லி மன்றாட வேண்டியிருக்கிறது. மன்னார்த் தீவின் நன்னீர், மணலுக்குள் மழைநீர் தங்கி உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. மணலில் ஊற்றிய எண்ணெய்க்கும் அந்தப் படைக்கும் இடையில் தடுக்க எதுவும் இல்லை. வேலிக் கட்டைக்குப் பூசிய ஒயில் கிணற்றுக்கு வராமல் தடுக்கப் பாறையா இருக்கிறது? கட்டையின் காலை வெளிப்புறம் கருக்கி நடுவதும், வேம்பு போலக் கறையான் எளிதில் அணுகாத மரத்தைத் தெரிவதும், கட்டையைச் சீமெந்துக் காலில் ஏற்றி மண்ணிலிருந்து தூக்கிவிடுவதும் போதிய காவல். வீட்டு வேலைக்கு வளவு மணலை ஆழமாக அள்ளுவதும் அதே காரணத்தால் கூடாது.

கூரைதான் உயிர்ப் பிரச்சினை. 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளின் புயல் தனுஷ்கோடியை அழித்ததை எல்லோரும் பேசுவார்கள்; அதே புயல் வட இலங்கையைக் கடந்துதான் அங்கே போனது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் கிழக்குக் கரையில் ஏறி, வடக்கைக் குறுக்கறுத்து, மன்னார் வளைகுடாவில் இறங்கியது. காற்று கூரையை அமுக்கிக் கெடுப்பதில்லை. மேலே உறிஞ்சித் தூக்குகிறது. ஓடும் தகரமும் தங்கள் பாரத்தால் இருக்கும் என்று நம்புவது வீண். முதலில் போவது மூலையும் முகடும் தாழ்வார விளிம்பும்.

எனவே ஏணியில் ஏறுகிறவர் பார்க்க வேண்டியது ஒரு சங்கிலி: தகரத்தைச் சலாகை பிடித்திருக்கிறதா, சலாகையைக் கைமரம் பிடித்திருக்கிறதா, கைமரத்தைச் சுவர் வளை பிடித்திருக்கிறதா, வளையைச் சுவர் பிடித்திருக்கிறதா. அநேக வீடுகளில் அறுந்திருப்பது கடைசிக் கண்ணி. வளையைச் சுவரின் மேல் சும்மா வைத்துச் சாந்து பூசியிருப்பார்கள். சுவர் கட்டும்போதே மேல் வரியில் போல்ற் பதித்து வளையை இறுக்கியிருந்தால் நிம்மதி; தவறியிருந்தால், நாகம் தோய்த்த கனமான கம்பியை வளையைச் சுற்றிச் சுவரில் இரண்டு மூன்று வரி கீழே துளைத்துக் கட்டி முறுக்கலாம். கைமரத்துக்கும் வளைக்கும் ஆணியோடு ஒரு தகரப் பட்டியும் வேண்டும். ஓரத்துத் தகரங்களுக்கு மேட்டுக்கு மேடு திருகாணி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. றப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே தொடராகப் போடாமல் தனியாகப் போடுகிறவர்கள் புத்திசாலிகள். விறாந்தைக்குள் புகும் காற்று அதைப் பிய்த்தாலும் வீட்டுக் கூரை தப்பும். நாலு பக்கமும் சரியும் கூரை இரண்டு பக்கக் கூரையை விடக் காற்றுக்கு நல்லது. ஓலைக் கொட்டில்களின் மேல் மீனவர் பழைய வலையைப் போர்த்து, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த வலை ஒவ்வோர் ஓலையையும் தனித்தனியே பிடிக்கிறது. அதற்கு மேலான ஏற்பாட்டைப் பொறியியல் நூல்களும் ஓலைக்குச் சொல்லப்போவதில்லை. பனையோலையை வெட்டிய உடனே வேயாமல், அடுக்கி மேலே பாரம் வைத்துப் பாடம் செய்துவிட்டு வேய்ந்தால் சுருளாது.

அஸ்பெஸ்ரஸ் சீற் கழற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் தூசு புற்றுநோய் தருவது. உலக சுகாதார நிறுவனம் எல்லா வகை அஸ்பெஸ்ரஸையும் அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. உலரவைத்து வாளால் அறுக்கக்கூடாது, உடைக்கக்கூடாது. நனைத்து, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். உடைந்த துண்டை முற்றத்தில் பரவி நிரவுவதைச் சில வளவுகளில் காணும்போது மனம் பதைக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

வேலிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனைமட்டை வேலி இந்தத் தீவின் காற்றுக்கென்றே அமைந்தது போலிருக்கும். மட்டைக்கு மட்டை இடைவெளி வழியாகக் காற்று போய்விடும், வேலி சாயாது. கதியால் நடுபவர் பூவரசையோ கிளுவையையோ ஐப்பசி மழைக்குச் சற்று முன் நட்டால் வேர் பிடிக்கும். படலையை மட்டும் உறுதியாகச் செய்ய வேண்டும். மன்னார்க் கழுதைகள் முதுகு தேய்க்கத் தேடுவது படலைக் கட்டையைத்தான். பொளியும் கழுந்தும் போட்ட படலை அதைத் தாங்கும், ஆணி அடித்த படலை ஒரு வருடத்தில் சாயும்.

கருவிப் பெட்டி பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒரு நல்ல கைவாள், அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் உளி, சுத்தியல், இழைப்புளி, மூலைமட்டம், துளைக்கருவி, சாணைக்கல். மட்டம் பார்க்கத் தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டாலே போதும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இரும்பு முகங்களைத் துடைத்து எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைக்க வேண்டும். உளி ஓர் இரவு முற்றத்தில் கிடந்தால் காலையில் அதன் வாயில் செம்புள்ளி தெரியும்.

இதை வாசிக்கிறவர் மன்னாரிலோ வங்காலையிலோ அரிப்பிலோ கடலுக்கு அருகில் இருந்தால், புரட்டாதி முடிய முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஏணியை எடுத்து வீட்டின் நாலு மூலைக் கைமரங்களையும் வளையையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற இடத்தில் கம்பி கட்டுங்கள், துருவேறிய திருகாணியை மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தால், ஏணியை உள்ளே வைக்க முன்னர் அவருடைய கூரையையும் பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நனைந்த ஓட்டில் யாரும் ஏற முடியாது.